புறாத்தீவின் முருகைக்கற்பாரும் சுழியோடுதலும்

கடல் சூழ்ந்த நாட்டில் வாழ்பவர் கடலை அறிந்தவர் எனக் கருதுதல் உலக வழக்கு. ஆயின், கரையில் நின்று அலையைக் காண்பதும் தோணியேறி வலை வீசுவதும் கடலின் மேற்பரப்பை அறிவதேயாகும். மேற்பரப்பின்கீழ் உள்ளது வேறோர் உலகம். வட்டுக்கோட்டையிலிருந்து சிறிது தொலைவு சென்றால் ஒருபுறம் அராலிக் கரையும் மறுபுறம் பொன்னாலைப் பாலமும் எதிர்ப்படும். அங்குள்ள கடனீரேரி இடுப்பளவு நீருடையது. சேறு கலங்கிய அந்நீரில் நிற்பவனுக்குத் தன் பாதமே தோன்றாது. பொன்னாலைப் பாலத்தைக் கடந்து காரைநகர்க் கசூரினாக் கரையை அடைந்தால் நீர் தெளிவுறுகின்றது; எனினும் அங்கே மணற்றரை நெடுந்தூரம் தாழாது செல்வதால், நீராடுவோர்க்கு நன்றாயினும் கடலடியைக் காண விரும்புவோர்க்குக் காட்சிப்பொருள் குறைவு. இவ்வாறு கடலினருகே பிறந்து வளர்ந்தும் கடலடியைக் கண்டறியாத மாணவர் பலர்.

பழந்தமிழர் நிலை இத்தகையதன்று. கொற்கையிலும் மன்னார்க் கடலிலும் முத்துக் குளித்தவர் உலகத்துப் பழைய சுழியோடிகளுள் வைத்து எண்ணத்தக்கவர். கல்லொன்றைக் கயிற்றிற் கட்டிக் காலால் மிதித்துக் கீழிறங்கி, ஒரு மூச்சின் அளவே கடலடியில் தங்கி, கூடையிற் சிப்பியை நிரப்பி, தோழன் கயிற்றை இழுக்க மேலே வருவது அவர்தம் முறை. ஒரு நிமிடமோ அதற்குச் சற்று மேலோதான் அவர் நீரடியில் நின்ற காலம். இன்று அதே கடலில் ஒருவர் முக்கால் மணி நேரம் அமைதியாகச் சுவாசித்துக்கொண்டே உலவ இயலும். இந்த வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, புதிதாகப் பழகுவோர் எத்தகைய கடலைத் தெரிந்தெடுத்தல் வேண்டும், ஆங்கு அவர்க்கு நேரக்கூடிய இடர்கள் யாவை என்பவற்றைத் திருகோணமலைப் புறாத்தீவை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குதல் பயன்தரும்.

தீவின் அமைப்பு

திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தொலைவில் நிலாவெளி என்னும் ஊர் உண்டு. அதன் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றரளவில் கடலுள் அமைந்தனவே புறாத்தீவுகள். பெரியது, சிறியது என அவை இரண்டாம். பெரிய தீவு ஏறத்தாழ 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் உடையது. அதன் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 45 மீற்றர் உயர்ந்துள்ளது. பாறை இடுக்குகளிற் கூடு கட்டி வாழும் மாடப்புறாக்களே அத்தீவின் பெயருக்குக் காரணமாயின. ஆங்கிலேயர் ஆட்சியில் துப்பாக்கிப் பயிற்சிக்குரிய குறியிடமாகப் பயன்பட்ட இத்தீவு 1963ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும், 2003ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. சூழ்ந்த கடற்பரப்பும் சேர்ந்து பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 471 எக்டேயர் ஆகும். குண்டுகளுக்கு இலக்காயிருந்த இடம் உயிர்களுக்குப் புகலிடமாயிற்று.

பெரிய தீவின் விளிம்பை ஒட்டி முருகைக்கற்பார் அமைந்துள்ளது. கரையினின்று சில அடி நடந்தவுடனேயே அது தொடங்கிவிடுகின்றது. சிறிய தீவைச் சுற்றிலும் பாறைத்திட்டுக்கள் பல உள. ஆழங்குறைந்த பகுதியில் மிதந்தபடி பார்ப்பவரும், அதற்கப்பால் கருவியணிந்து கீழிறங்குபவரும் ஆகிய இருதிறத்தார்க்கும் ஒரே இடம் உதவுவது இப்பாரின் சிறப்பு. சுழியோடப் பழகுபவர் செல்லும் பகுதி பெரும்பாலும் பன்னிரண்டு மீற்றர் ஆழத்துக்கு உட்பட்டது. நிலாவெளிக் கரையிலிருந்து இயந்திரப் படகிற் சென்றால் கால் மணி நேரத்துள் தீவை அடையலாம். உட்செல்வோர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தாரிடம் நுழைவுச்சீட்டுப் பெறுதல் வேண்டும்.

காற்றும் காலமும்

கடலுட் செல்வதற்கு முதலில் அறியவேண்டுவது காற்று. யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் ஆண்டை வாடையென்றும் சோளகமென்றும் பகுத்து அறிவர். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவது. சோளகம் தென்மேற்கிலிருந்து வீசுவது. கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலைக்கு வாடை நேர்முகமாக வந்து மோதும். ஆதலால் கார்த்திகை தொடங்கித் தை, மாசிவரை ஆங்குக் கடல் கொந்தளிக்கும், மழைவெள்ளம் சேற்றைக் கடலுட் கொண்டு சேர்க்கும், நீர் கலங்கும். சோளகக் காலத்திலோ காற்று நிலத்தைக் கடந்து கரையினின்று கடலை நோக்கி வீசுவதால், இலங்கைத் தீவு முழுவதுமே அக்கடலுக்கு ஒரு மதில்போல் நிற்கின்றது. எனவே ஏப்பிரல் அல்லது மே மாதம் முதல் செத்தெம்பர் வரையுள்ள காலமே புறாத்தீவுக்கு ஏற்றது. அதே காலத்தில் தென்மேற்கிலுள்ள இக்கடுவைக் கடல் சீறிக்கொண்டிருக்கும். ஆண்டு முழுவதும் இலங்கையின் ஏதேனுமொரு கரை அமைதியாயிருப்பது இவ்விரு காற்றுக்களின் மாற்றத்தாலேயாகும்.

நல்ல பருவத்திலும் காலை வேளையே சிறந்தது. வெயில் ஏறியபின் நிலம் சூடேறக் கடற்காற்றெழுந்து நீர்ப்பரப்பைக் குலைக்கத் தொடங்கும். நல்ல நாளில் பத்து முதல் பதினைந்து மீற்றர் தொலைவிலுள்ள பொருளை நீருட் காணலாம். நீரின் வெப்பநிலை 27 முதல் 30 பாகை சதமவளவில் இருப்பதால் குளிர்நாட்டாரைப்போலத் தடித்த உடை வேண்டுவதில்லை. எனினும், நீர் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். ஆதலின், வெந்நாட்டுக் கடலிலும் ஒரு மணி நேரத்தின்பின் உடல் நடுங்குதல் உண்டு.

இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்குக் குறைவு. பெரும் வற்றுப்பெருக்குடைய நாடுகளில் நாளொன்றுக்கு நான்குமுறை நீரோட்டம் திரும்பிச் சுழியோடிகளை இழுத்துச் செல்லும். புறாத்தீவில் அத்தகைய இடர் சிறிது. ஆயினும் இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட வழியிலும் பாரின் வெளிவிளிம்பிலும் ஓட்டம் சில நாட்களில் வலுக்கும். படகோட்டியின் சொல்லைக் கேளாது தனித்து நீந்திச் செல்வோர் இங்கேதான் இடர்ப்படுகின்றனர். ஓட்டத்தை எதிர்த்து நீந்துவது களைப்புக்கே வழி. அதற்குக் குறுக்காக நீந்தி விலகுவதே முறை.

காணுதலும் கேட்டலும்

நீருட் கண்ணைத் திறப்பவனுக்கு எல்லாம் மங்கலாகவே தோன்றும். வளியிலிருந்து கண்ணுட் புகும் ஒளி விழிவெண்படலத்தில் முறிவடைவதாற் பார்வை தெளிவுறுகின்றது. நீருக்கும் விழிக்கும் அடர்த்தியில் வேறுபாடு மிகச் சிறிதாதலால் அம்முறிவு நீருள் நிகழ்வதில்லை. கண்ணாடி முகமூடி விழிக்கு முன்னே சிறிது வளியை அடைத்து வைத்து அக்குறையைத் தீர்க்கின்றது. ஆனால், நீரிலிருந்து வளிக்கு வரும் ஒளி மீண்டும் முறிவதால், பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்காற் பங்கே உள்ளனபோலவும், மூன்றிலொரு பங்கு பெரியனபோலவும் தோன்றும். கரைக்கு வந்து ‘ஆறடிச் சுறாவைக் கண்டேன்’ என்பவன் பெரும்பாலும் நான்கரையடிச் சுறாவையே கண்டிருப்பான், அவன் பொய்யனல்லன்.

நிறமும் அவ்வாறே மாறும். ஞாயிற்றொளியின் செந்நிறத்தை நீர் முதலில் உறிஞ்சிவிடுகின்றது. ஐந்தாறு மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகும். பின்னர்ச் செம்மஞ்சளும் மஞ்சளும் மறையும். ஆழ்ந்து செல்லச் செல்ல எல்லாம் நீலமாகும். ஆழத்திற் கையைக் கீறிக்கொண்டவனின் குருதி பச்சையாகத் தோன்றுவதும் இதனாலேயே. ஆழங்குறைந்த பாரிலேதான் முருகையின் நிறங்களை உள்ளவாறு காணலாம் என்பதற்குக் காரணம் இதுவே. ஒலியோ நீரில் வளியைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட வேகத்துடன் செல்லும். இரு செவிகளையும் அது ஏறக்குறைய ஒரே கணத்தில் அடைவதால், படகின் இரைச்சல் எத்திசையினின்று வருகின்றதென அறிதல் அரிது. ஆதலின் மேலெழுபவர் தலைக்குமேல் நோக்கிக் கையை உயர்த்தியவாறே எழுதல் வேண்டும்.

கருவியின் வரலாறு

மேற்பரப்பில் மிதந்து குழாயாற் சுவாசிப்பவர் சிலர், அக்குழாயை நீட்டினால் ஆழத்திலும் சுவாசிக்கலாமன்றோ என வினவுவர். ஒரு மீற்றர் ஆழத்திலேயே நீர் மார்பை அமுக்கும் பாரம் மிகுந்து, மேலுள்ள வளியை இழுக்கத் தசைகளுக்கு வலிமை போதாமற் போகும். சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்கு இணையான அமுக்கத்தில் வளி வந்தாலன்றி ஆழத்தில் மூச்சு விடுதல் இயலாது.

இவ்விடர்ப்பாட்டை 1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கடற்படையாளர் சாக் கூஸ்தோவும் பொறியியலாளர் எமில் கன்யானும் தீர்த்து வைத்தனர். போர்க்காலத்தில் எண்ணெய் கிடையாமையால் மோட்டார் வண்டிகளை வாயுவில் ஓட்டுதற்குக் கன்யான் செய்திருந்த அடைப்பிதழே அவர்களுக்கு அடிப்படையாயிற்று. மூச்சை இழுக்குந்தோறும் வேண்டியவளவு வளியை, அவ்வாழத்துக்குரிய அமுக்கத்திலேயே அது வாய்க்கு அளிக்கும். இக்கருவியே இன்று ஸ்கூபா என வழங்குவது. முதுகிற் சுமந்த உருளை, சீராக்கி, மிதவைச் சட்டை, ஈயக்கட்டிகள் கோத்த இடுப்புப் பட்டி, துடுப்புக் காலணி, ஆழமானி ஆகியவை அதன் உறுப்புக்கள். உருளையில் உள்ளது தூய ஒட்சிசன் எனப் பலர் எண்ணுவர், அது தவறு. அதிலுள்ளது வடிகட்டி அமுக்கிய சாதாரண வளியேயாகும்.

இலங்கைக் கடல்களில் இக்கருவியின் வரலாறு திருகோணமலையோடு தொடர்புடையது. ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளாக் 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, தம் நண்பர் மைக் வில்சனுடன் கடலடியை ஆராய்ந்தார். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் ஆலயத்தின் செதுக்கிய கற்களையும் தூண்களையும் சுவாமிமலையின் அடியில் அவர்கள் கண்டனர். முந்நூற்றாண்டுக்கு மேலாக அலையின்கீழ்க் கிடந்த திருப்பணி மீண்டும் மனிதர் கண்ணிற் பட்டது இக்கருவியின் உதவியாலேயே என்பது நினைக்கத்தக்கது.

அமுக்கத்தின் இயல்பு

சுழியோடும் கலையின் விதிகள் யாவும் ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன. கடல்மட்டத்தில் வளிமண்டலம் நம்மீது செலுத்தும் அமுக்கம் ஓர் அலகு எனின், நீருள் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் இன்னும் ஓரலகு கூடும். பத்து மீற்றரில் இரண்டு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. வெப்பநிலை மாறாதபோது வாயுவின் கனவளவு அமுக்கத்துக்கு நேர்மாறாக மாறும் என 1662ஆம் ஆண்டில் இறபேட்டு போயில் வெளியிட்ட விதியை உயர்வகுப்பு மாணவர் யாவரும் கற்றிருப்பர். அவ்விதியைப் பரீட்சைத்தாளில் எழுதுபவன் மதிப்பெண் பெறுவான். கடலில் மறப்பவன் உயிரிழப்பான்.

முதலில் அதனை உணர்வது செவி. இரண்டு மூன்று மீற்றர் இறங்கியவுடனே செவிப்பறை உள்நோக்கி அமுங்கி நோவு உண்டாகும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால், தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்து அமுக்கம் சமப்படும். இதனை நோவு தோன்றுமுன்னரே, இறங்கும் ஒவ்வொரு மீற்றரிலும் செய்தல் வேண்டும். சளி பிடித்தவன் அன்றைக்கு நீருள் இறங்குதல் கூடாது.

அடுத்து வளியின் செலவு. பன்னிரண்டு இலீற்றர் கொள்ளும் உருளையில் இருநூறு மடங்கு அமுக்கத்தில் வளி நிரப்பினால் அதன் அளவு 2400 இலீற்றர். நான்கிலொரு பங்கைக் காப்பாக ஒதுக்க, எஞ்சுவது 1800. நிமிடத்துக்கு இருபது இலீற்றர் சுவாசிப்பவனுக்கு அது மேற்பரப்பில் 90 நிமிடத்துக்குப் போதும். பத்து மீற்றரில் 45 நிமிடத்துக்கு. இருபதில் 30 நிமிடத்துக்கு மட்டுமே. புதிதாகப் பழகுபவன் அச்சத்தால் விரைந்து சுவாசிப்பானாதலின் அவனுக்கு இதிலும் குறையும். ஆழங்குறைந்த பாரில் காலம் நீள்கின்றது; காலம் நீள அச்சம் தணிகின்றது; அச்சம் தணிய வளியும் மிஞ்சுகின்றது.

இரண்டு இடர்கள்

புறாத்தீவு ஆழங்குறைந்தது, ஆகவே அபாயமற்றது எனச் சொல்லக் கேட்பதுண்டு. இக்கூற்று பாதியே உண்மை. எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி பொய் என்பதை ஆராய்தல் இன்றியமையாதது.

ஆழத்தில் அமுக்கம் மிகுந்த வளியைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைதரசன் குருதியிலும் தசையிலும் கரைந்து சேர்கின்றது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தவுடன் வாயு நுரைத்தெழுவதுபோல அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டு நோவையும், வாதத்தையும், சிலபோது மரணத்தையும் விளைக்கும். பாலங்களுக்கு அத்திவாரமிட அமுக்க அறைகளில் வேலை செய்த தொழிலாளரிடம் இந்நோய் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காணப்பட்டது. இசுக்கொத்துலாந்து அறிஞர் யோன் இசுக்கொற்று ஓல்டேன் வெள்ளாடுகளை வைத்துப் பரிசோதித்து, எவ்வாழத்திலிருந்து எவ்வாறு படிப்படியாக ஏறுதல் வேண்டுமென்பதை 1908ஆம் ஆண்டில் அட்டவணையாக வெளியிட்டார். அமுக்கம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைவதை உடல் பொறுக்கும் என்பது அவர் கண்ட முடிபு. இரண்டு அலகு அமுக்கம் பத்து மீற்றர் ஆழத்துக்குரியதன்றோ? இன்று பொழுதுபோக்காகச் சுழியோடுவோர் பயன்படுத்தும் ஓர் அட்டவணையின்படி, இடையிற் றங்காது மேலெழுதற்குரிய கால எல்லை 12 மீற்றரில் 147 நிமிடம், 18 மீற்றரில் 56 நிமிடம், 30 மீற்றரில் 20 நிமிடம். பன்னிரண்டு மீற்றருக்குட்பட்ட பாரில் நைதரசன் எல்லையைத் தொடுமுன்னரே உருளையின் வளி தீர்ந்துவிடும். ஆதலால் இவ்விடரைப் பொறுத்தவரை புறாத்தீவு பாதுகாப்பானதென்பது உண்மை.

மற்றையது சுவாசப்பையின் இடர். பத்து மீற்றரில் ஆறு இலீற்றர் வளியை நெஞ்சில் நிரப்பி மூச்சை அடக்கியவாறு மேலெழுந்தால், அவ்வளி பன்னிரண்டு இலீற்றராகப் பெருகச் சுவாசப்பை கிழியும். முப்பதிலிருந்து இருபது மீற்றருக்கு ஏறும்போது அமுக்கம் நான்கிலிருந்து மூன்றாகக் குறைய, வளி மூன்றிலொரு பங்கே பெருகும். பத்திலிருந்து மேற்பரப்புக்கு ஏறும்போதோ இரு மடங்காகும். அஃதாவது, கனவளவின் மாற்றம் மிகப் பெரிதாக இருப்பது ஆழங்குறைந்த நீரிலேயே. ஓரிரு மீற்றரிலிருந்து மூச்சடக்கி எழுந்தவர்க்கும் இத்தீங்கு நேர்ந்துள்ளது. ஆகவே இவ்விடரைப் பொறுத்தவரை, ஆழங்குறைந்த பார் அபாயமற்றதென்பது பொய்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். முத்துக்குளித்த முன்னோர் மூச்சை அடக்கியே சென்று வந்தனர். அவர்களுக்கு இத்தீங்கு நேராதது ஏன்? அவர் கொண்டு சென்றது மேற்பரப்பிலிருந்த வளி. இறங்குங்கால் அது சுருங்கி, ஏறுங்கால் முன்னிருந்த அளவுக்கே மீண்டது. கருவியாற் சுவாசிப்பவனோ ஆழத்திலேயே வளியை நிரப்பிக்கொள்கிறான். அது மேலே வரும்போது தன் கொள்ளளவை மீறுகின்றது. முத்துக்குளிப்பவனுக்கு உயிர் காத்த பழக்கம் கருவி அணிந்தவனுக்கு உயிர் வாங்கும் பழக்கமாகிவிடுகின்றது. திணறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது மனிதர்க்கு இயல்பு. அவ்வியல்பை மாற்றுவதற்கே பயிற்சி வேண்டப்படுகின்றது. இடையறாது மூச்சு விடுக. நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாது மெல்ல எழுக. ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் தங்குக என்பன பயிற்சியாளர் முதலிற் கற்பிக்கும் விதிகள்.

இவற்றை அறியாமையால் விளையும் துன்பம் எங்கோ தொலைநாட்டில் நிகழ்வதன்று. வடக்கு, கிழக்குக் கடல்களிற் சங்கும் கடலட்டையும் எடுப்பதற்காக உருளை கட்டி இறங்கும் தொழிலாளர் ஒரு நாளிற் பலமுறை, ஆழ்ந்த நீரில், அட்டவணையின்றியும் ஆழமானியின்றியும் சென்று வருகின்றனர். கருவி அவர்கள் கைக்கு வந்தது. கருவியின் நூல் வரவில்லை. கால் வலுவிழந்து வீட்டில் முடங்கியவரும் உயிரிழந்தவரும் அவருள் உளர். இந்நோய்க்கு அமுக்க அறையில் வைத்து மீண்டும் அமுக்கத்துக்குட்படுத்திப் படிப்படியாகக் குறைப்பதே சிகிச்சை. அதுவும் காலந்தாழ்த்தாது செய்தல் வேண்டும். கடலில் நேர்ந்த நோவைக் காற்றுப் பிடிப்பு எனக் கருதி எண்ணெய் தேய்த்துக் காலத்தைக் கழிப்பது பெருங்கேடாம். உல்லாசப் பயணி ஒருவனுக்குப் பன்னிரண்டு மீற்றரில் இறங்குமுன் கற்பிக்கப்படும் பாடம், வயிற்றுப்பாட்டுக்காக முப்பது மீற்றரில் இறங்குபவனுக்குக் கற்பிக்கப்படாதிருத்தல் எண்ணிப்பார்க்கத்தக்கது.

பாரின் உயிர்கள்

இனி அங்குக் காணத்தக்கவற்றைச் சுருங்க நோக்கலாம். முருகைக்கல் எனப்படுவது கல்லன்று. பொலிப்பு என்னும் நுண்ணிய விலங்கு கடல்நீரிலுள்ள கல்சியத்தைக் கொண்டு தனக்குக் கட்டிக்கொண்ட வீடு. அவ்விலங்கின் உடலினுள்ளே ஒற்றைக்கல அல்காக்கள் வாழ்கின்றன. அவை ஞாயிற்றொளியால் உணவாக்கி விலங்குக்குக் கொடுக்க, விலங்கு அவற்றுக்கு இருப்பிடம் அளிக்கின்றது. ஒளியின்றி இக்கூட்டுவாழ்வு நடவாதாதலின் முருகைகள் தெளிந்த, ஆழங்குறைந்த, வெப்பமான நீரையே நாடும். கொம்புபோற் கிளைத்தன, மேசைபோற் பரந்தன, மனித மூளைபோல் மடிந்தன எனப் பல வடிவங்கள் உண்டு. கிளைத்தவை ஆண்டுக்குச் சில அங்குலம் வளரக்கூடும். திரண்டவை ஆண்டுக்கு ஒரு சதமமீற்றர் அளவே வளரும். ஆளுயர முருகைப்பாறையொன்று பாட்டன், பூட்டன் காலத்துக்கு முன்னரே தோன்றியதாகும்.

திருகோணமலையை அண்டிய பார்களில் ஏறத்தாழ நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் பதிவு செய்யப்பட்டுள்ளன. முருகையைக் கொறித்து மணலாக்கும் கிளிமீன், பாறைப் பொந்தில் வாய் திறந்து கிடக்கும் அஞ்சாளை, கலவாய், திருக்கை முதலியன காணப்படும். செட்டையின் நுனி கருத்த சிறு சுறாக்கள் ஆழங்குறைந்த நீரிற் சுற்றித் திரியும், அவை கூச்சமுள்ளவை, துரத்தாதவிடத்துத் தீங்கு செய்வதில்லை. பேராமையும் அழுங்காமையும் மேய வரும். அஞ்சத்தக்கன பெரியனவல்ல, சிறியனவே. கல்லோடு கல்லாய்க் கிடக்கும் நச்சுமுள் மீனும், நீண்ட முள்ளுடைய கடலுயிர்களும், மிதந்து வரும் சொறியும் தொடுவாரையே துன்புறுத்தும். யாதொன்றையும் தொடாதவனுக்கு இக்கடலில் இடர் மிகக் குறைவு.

பாருக்கு வரும் கேடு

தொடாமை மனிதனைக் காப்பதோடு பாரையும் காக்கும். நீந்தத் தெரியாது இரவல் மிதவையுடன் இறங்கியவன் களைத்தபோது காலூன்றும் இடம் முருகையின் தலை. ஒரு பாதத்தின் பாரத்தில் ஒடிந்த கிளை மீள வளரப் பல்லாண்டு செல்லும். விடுமுறை நாளில் நூற்றுக்கணக்கானோர் வந்து சேரும் சிறுதீவில் இக்கேட்டை எண்ணிப் பார்த்தல் அரிதன்று. நங்கூரம் பாய்ச்சுதலும், அறுந்த வலைகள் முருகையிற் சிக்கிக் கிடத்தலும், முள்முடி உடுமீன் பெருகி முருகையைத் தின்னுதலும் ஏனைய கேடுகள். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலையும் இக்காப்பிடத்தைத் தாக்கியது.

எல்லாவற்றினும் பெரியது கடல் சூடேறுதல். கோடைக்குரிய உச்ச வெப்பநிலையை ஒரு பாகை மீறிய நிலை சில வாரம் நீடித்தால், முருகை தன்னுள் வாழும் அல்காக்களை வெளியேற்றி வெளுத்துப்போகும்; நீர் விரைவிற் குளிராவிடின் இறக்கும். 1998ஆம் ஆண்டு வெளிறலில் இக்கடுவை முதலிய தெற்கு, மேற்குப் பார்கள் பெரிதும் அழிந்தபோது திருகோணமலைப் பார்கள் தப்பின. தப்பியது நல்லூழ், அஃது என்றும் தொடருமெனக் கொள்ளல் இயலாது. 2024ஆம் ஆண்டில் உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வதாக அறிஞர் அறிவித்தனர். கடலின் சூட்டைத் தனியொருவர் தணித்தல் அரிது. ஆனால், நோயுற்றவனை மிதியாதிருத்தல் எவர்க்கும் இயலும். மிதிபடாத பாரே சூட்டுக்குப்பின் தேறும் வலிமை மிக்கது.

யாழ்ப்பாணத்தவர்க்குரிய பாடம்

முருகை யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. நெடுந்தீவில் வளவுகளைச் சுற்றி அடுக்கிய மதில்கள் முருகைக்கல்லால் ஆனவை. தீவுப்பகுதிக் கடலிலும் காரைநகர்க் கடலிலும் பார்கள் உள. பாக்குநீரிணையின் நீர் ஆழங்குறைந்தும் கலங்கியும் இருப்பதால் அவை புறாத்தீவுபோல் விளங்கித் தோன்றுவதில்லை; அவ்வளவே. போர் நிகழ்ந்த காலத்திற் கடல் பலவாண்டு தடைப்பட்டிருந்தமையால், ஒரு தலைமுறை கடலை அஞ்சவே கற்றது. அத்தலைமுறையின் மக்கள் இன்று வகுப்பறையில் இருக்கின்றனர்.

அவர்கள் செய்யவேண்டுவது பெருஞ்செயலன்று. முதலில் நீந்தக் கற்றல். கேணியோ குளமோ அதற்குப் போதும். பின்னர்ப் பெரியோர் துணையுடன் ஆழங்குறைந்த நீரில் முகமூடியணிந்து மிதந்து பழகல். அதன்பின், உரிய வயதில், தகுதிபெற்ற ஆசிரியர் ஒருவரின் கீழ்ப் புறாத்தீவு போன்ற அமைதியான பாரில் இறங்குதல். இவ்வரிசையைத் தலைகீழாக்கினோரே பெரும்பாலும் இடர்ப்பட்டோர். இருவராய்ச் செல்லுதல், மூச்சை அடக்காமை, மெல்ல எழுதல், எதனையும் தொடாமை என்னும் நான்கும் மறவாதவனுக்குக் கடல் கதவு திறக்கும்.

முன்னோர் ஒரு மூச்சின் அளவில் கடலடியைக் கண்டு, சிப்பியை எடுத்து மீண்டனர். இன்றுள்ளவர் நெடுநேரம் நின்று காணலாம். எடுத்து வர வேண்டுவது யாதுமில்லை. கண்டதை ஆராயும் மாணவனும், அமுக்கத்தின் விதியைக் கடற்றொழிலாளரின் குடிசைவரை கொண்டு சென்று விளக்கும் ஆசிரியனும் தோன்றுவாராயின், வகுப்பறையிற் கற்ற போயிலின் விதி ஓருயிரையேனும் காக்கும். கல்வியின் பயன் அதனினும் வேறு யாது?